இஞ்சி கொஞ்சம் தூக்கலாக

மீரா உசேன் சிங்கப்பூரிலிருந்து கூத்தாநல்லூருக்குத் திரும்பியபோது கடல் கடந்து சம்பாதித்துவிட்டு வரும் மற்ற சபராளிகளைப் போல டேப் ரிக்கார்டரோ செண்டு பாட்டில்களோ கொண்டுவரவில்லை. இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் கண்ணாடித் தம்ளர்கள் கொண்டுவந்தார். அவர் மனைவி சஃபியா பெட்டிகளைத் திறந்து பார்த்தாள்.

"இத்தனை வருஷம் அங்க என்னதாங்க பண்ணுனீங்க?" என்று கேட்டாள்.

அவர் அங்கே ஒரு பெரிய ஓட்டலில் பானம் கலக்குகிற வேலை பார்த்தார். ஓட்டலில் இரண்டு மேடைகள். ஒன்றில் மது. இன்னொன்றில் மது கலக்காத பழப் பானங்கள். ஐந்து வேளையும் தொழுகிறவரான மீரா உசேன் முதல் மேடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இரண்டாவது மேடையில் வெள்ளைக் கோட்டும் கழுத்தில் கறுப்புப் பட்டாம்பூச்சி டையுமாக நின்று, அன்னாசியையும் ஆரஞ்சையும் புதினாவையும் கலந்து கலந்து, துரைசானிகளிடம் மந்திரவாதி என்று பெயர் வாங்கினார். அப்படி அவரே சொல்லிக்கொள்வார். மது மேடையில் கலப்பது காக்டெயில்; மது இல்லாத இந்தப் பானத்துக்கு மாக்டெயில் என்று பெயர்.

ஊரில் அந்தத் திறமையை யாரும் கேட்கவில்லை. கல்யாண வீடுகளில் ரோஸ் நிறத்தில் சர்பத் கொடுத்தார்கள். குடித்தவர்கள் நாக்கும் ரோஸ் நிறமானது. எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள். தம்ளர்கள் பெட்டியிலேயே கிடந்தன.

அவருக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. கூத்தாநல்லூருக்குக் கிழக்கே, வெண்ணாற்றங்கரையில், ஆலங்கோட்டகம் என்ற கிராமத்தின் எல்லையில். எழுபத்தைந்தாம் வருஷத்துக் கோடையில் அந்தத் தோப்பைத் தேடி ஊர் வந்தது.

ஆற்றில் அப்போது மணல்தான் இருந்தது. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் குறுவை நடவு தொடங்கிவிடும். ஆனால் ஆலங்கோட்டகத்தில் வயலில் யார் இறங்குவது என்பதே தீராமல் கிடந்தது. உள்ளூர் ஆட்களுக்கு வேலை கொடுத்த பிறகுதான் வெளியூர் ஆட்களைக் கூப்பிட வேண்டும். நடவு நடுகிற பெண்களை உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் நிழலில் உட்கார விட வேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கம் கேட்டது இவ்வளவுதான். மிராசுதார்கள் முடியாது என்றார்கள். ஏன் முடியாது என்று கேட்டால், கேட்கிற தோரணை சரியில்லை என்றார்கள்.

இரண்டு தடவை பேச்சுவார்த்தை நடந்து இரண்டும் முறிந்து போயிருந்தது. முதல் கூட்டம் கோயில் மண்டபத்தில். மிராசுதார்களுக்கு ஜமக்காளம், சங்கத்து ஆட்களுக்கு வெறுந்தரை. சங்கத் தலைவர் வைரக்கண்ணு ஒன்றும் பேசாமல் ஜமக்காளத்தின் ஒரு முனையிலிருந்து சுருட்ட ஆரம்பித்தார். மறுமுனையில் இருந்தவர்கள் எழுந்திருக்க மறுத்தார்கள். அதனால் உருண்டார்கள். இரண்டாவது கூட்டம் பள்ளிக்கூடத்தில். எல்லோருக்கும் பெஞ்சு. ஆனால் மிராசுதார்கள் தங்களுக்கு மட்டும் கோலி சோடா வரவழைத்துக்கொண்டார்கள். அவர்கள் டப் டப் என்று கோலியை உள்ளே தள்ளித் தள்ளிக் குடிக்க, எதிரே தொண்டை வறண்டு உட்கார்ந்திருந்த நடவுப் பெண்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாவது கூட்டத்தை இரண்டு தரப்புக்கும் சொந்தமில்லாத இடத்தில் வைப்பது என்று முடிவாயிற்று. வைரக்கண்ணு வந்து மீரா உசேனிடம் தோப்பைக் கேட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே மிராசுதார் பஞ்சநதமும் வந்தார்.

"இடம் மட்டும் எதுக்குங்க? குடிக்கவும் நானே தர்றேன்," என்றார் மீரா உசேன். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த உற்சாகம் அவர் குரலில் பொங்கியது. "எல்லாருக்கும் ஒரே பானம், ஒரே மாதிரி தம்ளர். அசல் சிங்கப்பூர் மாக்டெயில்."

பஞ்சநதம் ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர். பருத்த உடம்பு, அதற்குத் தகுந்த குரல். நடுவில் சில வருஷம் அரசாங்கம் மதுக்கடைகளைத் திறந்து வைத்திருந்தபோது அவருக்கு மாலை நேரத்தில் கொஞ்சம் பிராந்தி பழகியிருந்தது. நன்றாகப் பழகிய நேரம் பார்த்துக் கடைகளை மறுபடி மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் வெண்ணாற்றைப் போலவே வறண்டு கிடந்தார். டெயில் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"என்ன டெயிலு பாய்?"

"மாக்டெயிலுங்க."

"சத்தமாச் சொல்லாதீங்க." பஞ்சநதம் கண்ணைச் சிமிட்டினார். "மாவோ காவோ, நமக்கு டெயிலுதான் முக்கியம்."

மீரா உசேனுக்கு இது விளங்கவில்லை. ஆனாலும் மரியாதைக்குச் சிரித்தார். "மாம்பழம், புதினா, இஞ்சி எல்லாம் போடுவேங்க."

"மேலுக்கு என்ன வேணும்னாலும் போடுங்க. உள்ள இருக்கறது இருந்தா சரி."

"உள்ள பிரமாதமா இருக்கும்ங்க."

பஞ்சநதம் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கிவிட்டு வண்டி ஏறினார். கூட்டத்துக்கு ஒருத்தர் விடாமல் வர வேண்டும் என்று மற்ற மிராசுதார்களுக்கு அன்றைக்கே ஆள் போயிற்று.

*

சிங்கப்பூரில் கிடைத்த சாமான்கள் கூத்தாநல்லூரில் கிடைக்கவில்லை. மீரா உசேன் ஊரில் இருப்பதை வைத்து முயற்சி செய்தார். முதல் நாள் மாம்பழச் சாற்றில் ஓமவல்லி இலையைக் கசக்கிப் போட்டார். சஃபியா ஒரு வாய் குடித்துவிட்டு, "யாருக்கு இருமல்?" என்று கேட்டாள். மறுநாள் தர்பூசணிச் சாற்றில் திருநீற்றுப்பச்சிலை. "மணமாத்தான் இருக்கு. குளிச்ச தண்ணி மாதிரி," என்றாள். மூன்றாவது நாள் நுங்கை நறுக்கி நன்னாரியில் மிதக்க விட்டார். நுங்குத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தம்ளரை அடைத்தன. சஃபியா அதை ஆட்டுக்கு வைத்தாள். ஆடு முகர்ந்துவிட்டு மீரா உசேனை ஒரு பார்வை பார்த்தது.

"துரைசானிங்க சிரிச்சுக்கிட்டே குடிப்பாங்கன்னு சொன்னீங்களே," என்றாள் சஃபியா.

"நீதான் ஒரு யோசனை சொல்லேன்."

"மாம்பழம் பாட்டுக்கு இனிச்சுக்கிட்டே கெடக்குது. அதைக் கொஞ்சம் அதட்டி வைக்கணும்."

அதட்ட இரண்டு பேருமாக உட்கார்ந்தார்கள். ஒட்டு மாம்பழத்தைப் பிசைந்து வடிகட்டினார்கள். சுட்ட மாங்காயின் சதையைப் புளிப்புக்குச் சேர்த்தார்கள். எலுமிச்சை பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, தட்டிய இஞ்சியின் சாற்றை விட்டு, புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரே அடி அடித்துப் போட்டார்கள். ஊறவைத்த சப்ஜா விதை கண்ணாடியில் கறுப்பு மணிகளாக மிதந்தது. மேலே கோலி சோடாவை ஊற்றியதும் நுரை விளிம்பு வரை வந்து நின்றது. சஃபியா குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். தம்ளரைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இப்ப என்ன சொல்றே?"

"பேசாதீங்க, குடிச்சுக்கிட்டிருக்கேன்ல," என்றாள்.

*

இதற்குள் ஆலங்கோட்டகத்தில் வேறு பேச்சு பரவியிருந்தது. பாய் வீட்டில் சீமைச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது; கூலி ஆட்களைக் குடிக்க வைத்துக் கைநாட்டு வாங்கப் போகிறார்கள். வைரக்கண்ணு இதைக் கேட்டுக் கொதித்தார். அவர் ஆறடி உயரம். டீ கூடக் குடிக்காதவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. தெருக்கூட்டம் போட்டுத் தடை விதித்தார்.

"அந்தத் தோப்புல யாரும் ஒரு சொட்டு நாக்குல வைக்கக் கூடாது. தண்ணி வேணும்னா அவங்கவங்க வீட்டுலேருந்து சொம்புல கொண்டாங்க."

நடவுப் பெண்களுக்குத் தலைவி காத்தாயி. வயலில் அவள் குரல் கொடுத்தால் வரிசை முழுக்க ஒரே நேரத்தில் குனியும். சித்திரை வெயிலில் சொம்பைச் சுமந்துகொண்டு நடக்கச் சொல்கிறாரே என்று அவளுக்கு எரிச்சல். சரக்கு என்னவென்று நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பிக் கூத்தாநல்லூர் போனாள். சஃபியா கொல்லையில் அம்மியில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள்.

"பாயம்மா, அந்த டெயிலு எங்க?" என்று காத்தாயி நேராகக் கேட்டாள்.

சஃபியா ஒரு தம்ளர் கலந்து கொடுத்தாள். காத்தாயி முதலில் நாக்கு நுனியில் பட்டும் படாமலும் வைத்தாள். அப்புறம் ஒரே மூச்சில் குடித்தாள். தம்ளரைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த விதையை விரலால் வழித்துத் தின்றாள்.

"இது மாம்பழமுல்ல!"

"பின்னே? வேற என்னன்னு நெனச்சே?"

"சீமைச் சாராயம்னு ஊரே பேசுது பாயம்மா."

சஃபியா அம்மிக் குழவியைக் கீழே வைத்தாள். "அதான் ஒங்க பஞ்சநதம் ஐயா ரெண்டு தடவை ஆள் அனுப்பி எத்தனை பாட்டில் வந்திருக்குன்னு கேட்டாரா? அஞ்சு பெட்டின்னு சொல்லிவிட்டேன். நான் சோடாவைச் சொன்னேன்."

காத்தாயிக்கு விஷயம் பிடிபட்டது. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நின்று சிரிக்க முடியாமல் துளசிமாடம் போலிருந்த துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அவள் முகத்தில் வேறு ஒரு களை வந்திருந்தது.

"பாயம்மா, ஒரு ஒத்தாசை. இஞ்சியை இன்னும் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க. தொண்டையில சுள்ளுன்னு இறங்கணும்."

"எதுக்கு?"

"நிதானமா இருக்கையில அந்த ஐயா எங்க மூஞ்சியப் பார்த்துப் பேசினதே இல்ல. அவரு குடிச்சா ரொம்ப நல்லவராயிருவாராம். அவரு வண்டிக்காரரு சொல்லியிருக்காரு."

"அடிப்பாவி! என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"

"ஐயோ, பொய் வேணாம். யாராவது என்னன்னு கேட்டா உள்ளதைச் சொல்லிருங்க. கேக்காட்டி நாம ஏன் வாயைத் திறக்கணும்?"

சஃபியா யோசித்தாள். கூடையிலிருந்து இன்னும் இரண்டு கை இஞ்சியை எடுத்து அம்மியில் வைத்தாள். இதை எல்லாம் கணவரிடம் சொல்ல வேண்டாம் என்று அவளே தீர்மானித்துக்கொண்டாள். மீரா உசேனுக்குப் பொய்யும் தெரியாது, நடிப்பும் தெரியாது. பானம் கலக்க மட்டும்தான் தெரியும்.

காத்தாயி தெருவுக்குத் திரும்பி, பெண்களிடம் காதோடு காதாக விஷயத்தைச் சொன்னாள். வைரக்கண்ணுவிடமும், "நான் குடிச்சே பார்த்துட்டேன் அண்ணே, வெறும் பழச்சாறுதான்," என்றாள். அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஒன்னையும் மயக்கிட்டாங்களா?" என்று சொல்லிவிட்டு, தோப்பில் சட்டவிரோதமாக மது வழங்கப் போகிறார்கள் என்று போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்பினார்.

*

கூட்டத்தன்று மீரா உசேன் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, பட்டாம்பூச்சி டை கட்டிக்கொண்டு, மாமரத்தடியில் போட்ட மேசைக்குப் பின்னால் நின்றார். திருவாரூரிலிருந்து மரத்தூள் சுற்றி வந்த ஐஸ் பார் சாக்கின் மேல் புகைந்துகொண்டிருந்தது. ஒரு கூஜாவிலிருந்து இன்னொரு கூஜாவுக்கு அவர் பானத்தைத் தலைக்கு மேலிருந்து ஆற்றியபோது இரண்டு தரப்பும் தங்கள் சண்டையை மறந்து வாயைப் பிளந்தன. தம்ளர் விளிம்பில் எலுமிச்சை வளையம், மேலே புதினாக் கொழுந்து. எல்லாத் தம்ளர்களும் ஒரே மாதிரி. பஞ்சநதம் வீட்டிலிருந்து வந்த வெள்ளித் தம்ளரைச் சஃபியா வாங்கி ஒரு மூலையில் கவிழ்த்து வைத்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் கூஜாவின் மேல் இருந்தது.

முதல் வாய் உள்ளே போனதும் இஞ்சி அவர் தொண்டையைப் பிடித்தது. கண்ணில் நீர் முட்டியது. மூக்கு விடைத்தது.

"அசல்!" என்றார் கரகரத்த குரலில்.

பக்கத்தில் இருந்தவர் வைத்தியலிங்கம். ஒல்லியான மிராசுதார். எதிலும் பஞ்சநதத்தைப் பார்த்தே நடப்பவர். அவரும் ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையைச் சிலுப்பினார். "ஆமாமா. நெஞ்சு வரைக்கும் காந்துது."

இரண்டாவது தம்ளரில் பஞ்சநதத்தின் மேல்துண்டு நழுவியது. மூன்றாவதில் நாக்கு குழறத் தொடங்கியது. வைத்தியலிங்கம் எழுந்து போய் ஒரு மாமரத்தைத் தழுவிக்கொண்டு, "அண்ணே, எவ்வளவு நாளா நின்னுக்கிட்டே இருக்கீங்க. ஒக்காருங்க," என்று அதனிடம் கெஞ்சினார். இன்னும் இரண்டு மிராசுதார்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, பத்து வருஷத்துக்கு முன் தகராறு செய்துகொண்ட வரப்பை நினைத்து அழுதார்கள். மீரா உசேன் பூரித்துப் போனார். சிங்கப்பூரில்கூட அவர் பானத்தைக் குடித்துவிட்டு யாரும் அழுததில்லை.

"இன்னொரு தம்ளர் தரட்டுங்களா?"

"கொஞ்சம் ஸ்டிராங்கா," என்றார்கள். அவர் இஞ்சியைக் கூட்டினார்.

நடவுப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, தலை குனிந்தபடி குடித்தார்கள். வைரக்கண்ணு மட்டும் தன் சொம்பிலிருந்து வெந்நீராகிப் போயிருந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு, தூண் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பஞ்சநதம் பெஞ்சிலிருந்து எழுந்து, தள்ளாடி நடந்து, காத்தாயியின் எதிரே வந்து நின்றார்.

"காத்தாயி, நீங்க," என்று தொடங்கினார். ங்க என்ற மரியாதை அவர் வாயிலிருந்து அந்தத் திசையில் வருவது அதுதான் முதல் தடவை. பெண்கள் பக்கம் ஒரு விக்கல் சத்தம் கேட்டது. "நீங்க என்னைக் கெட்டவன்னு நெனச்சிருப்பீங்க. நான் உள்ளுக்குள்ள ரொம்ப நல்லவன். யாருக்கும் தெரியாது. என் சம்சாரத்துக்கே தெரியாது."

"தெரியும்ங்க ஐயா," என்றாள் காத்தாயி. "அப்ப மத்தியானம் ஒரு மணி நேரம் நிழலு?"

"ஒரு மணி நேரமா? பூராவும் உட்காருங்க! எதுக்கு நடணும்? நெல்லு அதுவா வளரட்டும்!"

"ஒரு மணி போதும்ங்க. அப்புறம், உள்ளூரு ஆளுங்களுக்குத்தான் மொத வேலை?"

"என் ஊரு ஆளுங்களை விட்டுட்டு எவனைக் கூப்பிடுவேன்?" பஞ்சநதத்தின் குரல் உடைந்தது.

வைரக்கண்ணு எழுந்து நின்றார். காத்தாயி அவர் துண்டைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. "நிறுத்துங்க! போதையில இருக்கறவங்ககிட்ட ஒப்பந்தம் பேசுறது சங்கத்துக்கு மரியாதை இல்ல. நாளைக்கு நிதானத்துல பேசுவோம்."

"அண்ணே, ஒக்காருங்கண்ணே!" என்று பல்லைக் கடித்தாள் காத்தாயி.

"யாருக்குய்யா போதை?" பஞ்சநதம் கர்ஜித்தார். "ஒரு பீப்பாய் குடிச்சாலும் பஞ்சநதம் நிதானம் தவற மாட்டான். பாரு, இந்த வரப்புல கோடு போட்ட மாதிரி நடந்து காட்டுறேன்!"

நடந்தார். நாலாவது அடியில் காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கிப் போனார். உள்ளே புழுதி எழும்பி அடங்கியது. வைரக்கண்ணுதான் இறங்கி அவரைத் தூக்கிவிட்டார். பஞ்சநதம் அவர் கையை விடாமல் பிடித்து, அதிலேயே ஓங்கி அடித்தார். "கையடிச்சுட்டேன். ஒரு மணி நேரம் நிழலு. உள்ளூரு ஆளுக்கு மொத வேலை. இது என் வாக்கு. எல்லாரும் கேட்டுக்குங்க!" மற்ற மிராசுதார்கள் அழுதபடியே கை தட்டினார்கள்.

அந்த நேரத்தில்தான் ஏட்டு ரெத்தினத்தின் சைக்கிள் மணி கேட்டது.

போதை தெளிவதில் எத்தனையோ வகை உண்டு. அன்று தோப்பில் தெளிந்த வேகத்தில் எங்கும் தெளிந்திருக்காது. பஞ்சநதம் தம்ளரில் மிச்சமிருந்ததை மரத்து வேரில் ஊற்றிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அழுதவர்கள் வரப்பைப் பற்றி மறுபடி முறைத்துக்கொண்டார்கள். வைத்தியலிங்கத்தைக் காணவில்லை.

"இங்க மது வழங்குறதாத் தகவல்," என்றார் ரெத்தினம். வியர்வை அவர் தொப்பியிலிருந்து சொட்டியது. கண் வெள்ளைக் கோட்டின் மேல் நின்றது. "நீங்கதான் கலக்குறதா?"

மீரா உசேனின் முகம் சுண்டிவிட்டது. "மதுவா? நானா? அஞ்சு வேளை தொழுவுறவனுங்க நான். அந்த மேடைப் பக்கமே போனதில்லைங்க!" பானத்தில் என்னென்ன போட்டார் என்பதை மாம்பழத்திலிருந்து உப்பு வரை ஒவ்வொன்றாக, தொழுகைக்குக் கூப்பிடுகிற சத்தத்தில் சொன்னார். மிராசுதார்களின் முகம் மாம்பழத்தில் தொங்கி, எலுமிச்சையில் சுருங்கி, இஞ்சி வந்தபோது செத்துப் போயிற்று.

"சொன்னா போதாது. சோதிக்கணும்," என்றார் ரெத்தினம். ஒரு தம்ளர் குடித்தார். உதட்டைத் துடைத்தார். "ஒண்ணுல தெரியாது." இன்னொன்று குடித்தார். "சந்தேகம் இருக்கக் கூடாது பாருங்க," என்று மூன்றாவதையும் குடித்துவிட்டு, ஐஸ் துண்டை மென்றபடி தீர்ப்பு சொன்னார்.

"மாம்பழச் சாறு. இஞ்சி கொஞ்சம் தூக்கல். வேற ஒண்ணும் கெடையாது."

பிறகு மேலே இலைகளுக்குள்ளிருந்து துக்கமான ஒரு குரல் வந்தது. "ஒண்ணுமே கெடையாதா?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வைத்தியலிங்கம் ஒரு கிளையில் தம்ளரும் கையுமாகக் குந்தியிருந்தார்.

"அவரு ஏன் அங்க இருக்காரு?" என்று கேட்டார் ரெத்தினம்.

"மாங்கா பறிக்கறாருங்க," என்றாள் காத்தாயி.

வைரக்கண்ணு முன்னால் வந்தார். தகவல் கொடுத்தது தான்தான் என்று ஏட்டிடம் சொன்னார். மீரா உசேனிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். பிறகு பஞ்சநதத்தின் பக்கம் திரும்பினார். அவர் மனதில் எந்த விஷமமும் இல்லை. அதுதான் பஞ்சநதத்துக்கு ஆபத்தாக முடிந்தது.

"ஐயா போதையில பேசுறதா நெனச்சுத் தடுத்துட்டேன். தப்பு என் மேலதான். அப்ப நீங்க கையடிச்சது முழு நிதானத்துல?"

பஞ்சநதம் ஏட்டைப் பார்த்தார். போதையில் சொன்னேன் என்றால் எதைக் குடித்துப் போதை என்ற கேள்வி வரும். மாம்பழச் சாற்றைக் குடித்து என்றால் திருவாரூர் வரைக்கும் ஊர் சிரிக்கும். அவர் காத்தாயியைப் பார்த்தார். அவள் ஒரு புதினா இலையைக் கசக்கி முகர்ந்துகொண்டு, மாமரத்தின் உச்சியில் ஏதோ காக்கையைப் பார்ப்பது போல நின்றாள்.

"நிதானத்துலதான்," என்றார் பஞ்சநதம். சொல்லி முடிக்கையில் தொண்டை காந்தியது.

"நானே சாட்சி," என்று சொல்லி ரெத்தினம் நாலாவது தம்ளருக்குக் கை நீட்டினார். சஃபியா ஒரு தம்ளரை வைரக்கண்ணுவின் கையிலும் திணித்தாள். அவர் மரியாதைக்கு ஒரு வாய் குடித்தார். இஞ்சி தலைக்கேறி, அந்த இறுகிய முகம் நாலா பக்கமும் கோணியது. அவர் சிரித்துவிட்டார் என்று சில பெண்கள் இன்றைக்கும் சாதிக்கிறார்கள்.

*

பொழுது சாயும் நேரத்தில் பஞ்சநதம் வீட்டுக் கூடத்தில் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். அவர் மனைவி பிரகதாம்பாள் வந்து பார்த்தாள்.

"என்ன செய்யுது?"

"தலை வலிக்குது."

"மாம்பழச் சாத்துக்கா?" அவளுக்குச் செய்தி முன்னமே வந்து சேர்ந்திருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், தோள் குலுங்கச் சிரித்தாள். அவருக்குக் கோபம் வந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் உள்ளுக்குள்ள நல்லவன்னு அந்தப் பொம்பளைங்ககிட்ட சொல்லிப்புட்டேன்."

"ம். என்ன சொன்னாங்க?"

"தெரியும்னாங்க." துணியை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "அந்தக் காத்தாயி கிண்டலுக்குச் சொன்னாளா, நெசமாச் சொன்னாளான்னு தெரியலடி."

பிரகதாம்பாள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவருக்கு மோர் கொண்டுவரப் போனாள்.

ஆனியில் தண்ணீர் வந்தது. நாற்று விட்டு, நடவும் தொடங்கியது. வைத்தியலிங்கம் பழைய பழக்கத்தில் ஒரு லாரி நிறைய வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கப் பார்த்தார். சேதி கேட்டுப் பஞ்சநதமே குடையோடு போய் ரோட்டின் நடுவில் நின்று லாரியைத் திருப்பி அனுப்பினார். "நான் கையடிச்சது முழு நிதானத்துலய்யா, முழு நிதானத்துல!" என்று அவர் கத்தியது இரண்டு வயலுக்கு அப்பால் கேட்டது. யாரும் அவரை மறுத்துப் பேசியிருக்கவில்லை.

மீரா உசேனுக்குக் கல்யாண வீடுகளிலிருந்து அழைப்பு வரத் தொடங்கியது. பாதிப் பேர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் முழு விவரத்தையும் உப்பு வரை சொல்லிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். அதனால் சிலர் வராமலும் போனார்கள். சஃபியா தலையில் அடித்துக்கொண்டாலும் அவர் மாறவில்லை.

நடவின் முதல் நாள் உச்சி வேளையில் பெண்கள் கரையேறி, காலைக் கழுவி, புங்க மரத்தடியில் உட்கார்ந்தார்கள். பஞ்சநதம் வரப்பில் நின்றார். பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது தான் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. குடையை விரித்தார், மடக்கினார். கடைசியில் எதிர்க்கரையில் தனியாக நின்ற ஒரு வேப்ப மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்து வேட்டியை உதறினார்.

"அங்க கட்டெறும்பு இருக்குதுங்க ஐயா," என்று காத்தாயி இந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். "இங்க வந்து ஒக்காருங்க. எடம் இருக்கு."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்து, சேற்றில் இறங்கி அந்தப் பக்கம் நடந்தார். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.